இங்கிலாந்தின் ஸ்லோவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசவில்லை. வேலை அதிகமாக இருந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

போன முறை பேரன் நம் கரீபியன் தீவைப் பற்றி, "பாட்டி, அங்குவிலா ஒரு நாடா?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், "இல்லை, அது பிரிட்டனுடைய தீவு" என்று நீ முடித்துவிட்டாய். பொய்யில்லைதான். ஆனால் அதோடு விட்டுவிடலாமா? எதையும் நினைவில் வைத்திருக்கும் பிள்ளை நீ. பள்ளியில் மே 30 விழாவில் மேடையேறிப் பேசியவன் நீதானே?

1967 பிப்ரவரியில் நம்மைச் செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுகளோடு சேர்த்து ஒரே அரசாக்கினார்கள். செயின்ட் கிட்ஸின் தலைநகர் பாஸ்டெயரில் இருந்த சட்டமன்றத்தில் நமக்கு ஒரே ஒரு இடம். இங்கே மின்சாரம் இல்லை, நல்ல சாலை இல்லை. எல்லாம் செயின்ட் கிட்ஸ்காரரான அரசுத் தலைவர் பிராட்ஷா கையில். மே 30 அன்று நம்மவர்கள் செயின்ட் கிட்ஸ் போலீசாரை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மறுபடி வந்து இறங்காதபடி ஓடுபாதையில் பீப்பாய்களை உருட்டிப் போட்டார்கள். உன் தாத்தா அங்கே காவலிருந்தார். அவருக்குத் துவரைச் சோறு கொண்டுபோனது நான்தான். ஜூலை 11 வாக்கெடுப்பில் பிரிந்து போக 1,813 பேர். வேண்டாம் என்றவர்கள் 5 பேர்.

லண்டன் காதில் ஏறாதபோது 1969 பிப்ரவரியில் குடியரசு என்றும் அறிவித்தோம். மார்ச் 19 விடியற்காலையில் பாராசூட் படையினரும் லண்டன் போலீசாரும் வந்து இறங்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. நம் தலைவர் வெப்ஸ்டரும் மற்றவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 1980 டிசம்பர் 19 அன்றுதான் செயின்ட் கிட்ஸிலிருந்து சட்டப்படி பிரிந்தோம். பிரிட்டனோடு இருப்பது நாம் கேட்டு வாங்கியது, மகனே. உன் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள். இதைப் பேரனிடம் சொல்.

இங்கே ஐலண்ட் ஹார்பரில் இருக்கும் நம் நிலத்தைப் பற்றி உன் சித்தி ஏதோ சொன்னாள். நான் நம்பவில்லை. ஸ்லோவில் நீ வீடு வாங்கியது நல்லதுதான். எனக்கு அதில் பெருமைதான். ஐலண்ட் ஹார்பர் பக்கம் எல்லாரும் ஹோட்டல்காரர்களிடம் விலை பேசுகிறார்களாம். செயின்ட் கிட்ஸ்காரர்கள் அந்த நாளில் நம்மிடமிருந்து எதைப் பறித்துக்கொள்வார்கள் என்று உன் தாத்தா அஞ்சினாரோ, அதை நாமே... சரி, நான் எதுவும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மே கடைசி வாரம் பேரனுக்குப் பள்ளி விடுமுறைதானே? இப்போதே டிக்கெட் எடு, பிறகு விலை ஏறிவிடும். 30-ஆம் தேதி தீவைச் சுற்றிவரும் படகுப் போட்டியை அவன் ஒரு முறையாவது பார்க்கட்டும். டிக்கெட் பணத்தில் பாதியை நான் தருகிறேன். எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அம்மா