கிரேயோன் முதலில் போன இடம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படிக்க, எழுத இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்கிறார் டாக்டர். அதனால் இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீசின் 'ஆன்டிகனி' நாடகத்தை அவளே வாசித்துக் காட்டினாள். பரீட்சைக்குப் படித்தபோது நமக்குக் காதில் விழாததெல்லாம் இப்போது விழுந்தது.

ஆன்டிகனியும் பிடிவாதக்காரிதானே என்று கேட்டிருந்தாய். ஆமாம். ஊர்மேல் படையெடுத்து வந்து செத்த சகோதரன் பாலினைசிஸைப் புதைக்கக் கூடாது என்ற அரசன் கிரேயோனின் உத்தரவை மீறி, அவனுக்கு மண் போட்டு, சாவுத் தண்டனைக்கு நிற்கிறவள் அவள். 'நானும் உன்னோடு சாகிறேன்' என்று வரும் தங்கை இஸ்மீனிடம், 'நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவைத் தேர்ந்தேன்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறாள். அப்பனைப் போலவே பெண் என்று கோரஸாக வரும் ஊர்க் கிழவர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவன் கிரேயோன். ரொம்ப இறுகிய இரும்புதான் உடையும் என்று ஆன்டிகனியைப் பற்றிச் சொன்னதே அவன்தான். கொஞ்ச நேரத்தில் அவன் மகன், ஆன்டிகனிக்கு நிச்சயமான ஹேமன் வந்து, வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம் கொப்போடு தப்பிக்கும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்கிறான். அதே பேச்சுத்தான். 'இந்த வயதில் இந்தப் பையனிடமா நான் புத்தி கற்றுக்கொள்வது?' என்கிறான் தகப்பன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இருந்தாலும் அவன் இறங்கி வராமல் இல்லை, சண்முகம். குருட்டு ஞானி டைரீசியஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனதும் ஆடிப்போய், 'என்ன செய்யட்டும், சொல்லுங்கள்' என்று கோரஸிடமே கேட்கிறான். முதலில் நீ உயிரோடு அடைத்த குகையிலிருந்து பெண்ணை விடுவி, அப்புறம் பிணத்துக்குக் கல்லறை கட்டு என்கிறார்கள். அவன் போனதோ பிணத்திடம். நாய்கள் குதறிய பாலினைசிஸின் உடலைக் கழுவி, புதிதாகக் கொப்பு ஒடித்து எரித்து, மண்ணைக் குவித்து மேடு எழுப்புகிறார்கள். இந்த இடத்தில் மகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பா, அந்தப் பெண் அங்கே காத்திருக்கிறாளே" என்றாள். அவர்கள் குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆன்டிகனி துணியில் சுருக்கிட்டுத் தொங்குகிறாள். ஹேமன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்பாவின் முகத்தில் காறித் துப்பி, வாளை வீசி, அது தவறியதும் தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான்.

சோக நாடகத்தின் நாயகனை வீழ்த்துவது என்று அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்த்தியா'வுக்கு நாம் 'குணக்கேடு' என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்தச் சொல்லுக்கு அடிப்படையே குறி தவறுவதுதான். கிரேயோன் மனம் மாறிய பிறகும் குறி தவறினான். ஏன் பிணத்திடம் முதலில் போனான்? எனக்குத் தோன்றுவது இதுதான்: பிணம் முகத்தைப் பார்க்காது. குகைக்குப் போனால் அவள் கண்ணைப் பார்த்து, 'நான் செய்தது தப்பு' என்று சொல்லியாக வேண்டும்.

உன் அண்ணன் படுக்கையில் இருக்கிறார், நிலத் தகராறு பத்திரம், வக்கீல் எல்லாம் முடிந்த கையோடு போய்ப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். பத்திரம் கிடக்கட்டும் சண்முகம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறு. அவரிடம் என்ன பேசினாய் என்று எனக்கு எழுது.

உன்,
ராஜு