டார் எஸ் சலாமில் இருக்கும் மகனுக்கு

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகன்,

நீ கோல் எடுத்துக் கன நாளாகிறது. வேலைக் கரைச்சல் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இரவில் நுளம்புவலை கட்டாமல் படுக்காதே. மலேரியாவோடு விளையாடக் கூடாது.

சின்ன மாமா வந்திருந்தார். "போயும் போயும் ஆபிரிக்காவிலயோ பெடியன் வேலை தேடினவன்" என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. 1971இல் இந்து சமுத்திரம் சமாதான வலயமாக வேண்டுமென்று ஐ.நா.வில் இலங்கை தீர்மானம் கொண்டுபோனபோது, கூட நின்ற நாடு எது என்று கேட்டேன். முழித்தார். நீ இருக்கிற தான்சானியா! வல்லரசுகளின் படைத்தளம் இந்தக் கடலில் வேண்டாமென்று இரண்டு நாடும் சேர்ந்து நின்றன. தென்னாபிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் விடுதலைக்குப் போராடினவர்களுக்கு நீ இருக்கிற ஊர்தான் இடம் கொடுத்தது. அந்த ஊர்த் துறைமுகத்தில் என் பிள்ளை வேலை செய்வது எனக்குப் பெருமை. இதை நேரில் சொல்ல நீ போனை எடுத்தால்தானே.

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அப்பப்பா இங்கத்தைக் கடற்படை டொக்யாட்டில் வேலை செய்தபோது வைத்திருந்த டோக்கன் அகப்பட்டது. பித்தளை, இலக்கம் பாதி தேய்ந்துவிட்டது. 1957இல் பிரிட்டிஷ்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போக அவருக்கு வேலையும் போனது. அப்பம்மா அழுதாவாம். அவரோ "இனி எங்கட துறைமுகம்" என்று சந்தோஷமாய்த் திரிந்தாராம். அதற்கு முந்தின வருஷமே சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்துவிட்டது. 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆபிரிக்க நாடுகள் கூடி எல்லா இனமும் சமம் என்று ஒப்புக்கொண்டபோது இலங்கையும் அங்கே இருந்தது. தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழ்ச் சனத்தின் குடியுரிமையைப் பறித்து அப்போது ஏழு வருஷம்கூட ஆகவில்லை. சபையில் பேசியதை வீட்டுக்குள் செய்யவில்லை. வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நீ அனுப்பிய படத்தில் உன் பக்கத்தில் நிற்கிற பிள்ளையை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாமாதான் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த வீட்டில் அந்தக் கதை வேண்டாமென்று அப்போதே நிறுத்திவிட்டேன்.

லீவு கிடைத்தால் பங்குனி உத்தரத்துக்கு வா. கோணேசர் கோயில் திருவிழா பார்த்துக் கன காலம். தனியாகத்தான் வரவேண்டுமென்று இல்லை. மேல் அறைக்குப் புது மின்விசிறி பூட்டியிருக்கிறேன்.

எதற்கும் முதலில் அம்மாவுக்கு ஒரு கோல் எடு. மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நுளம்புவலையை மறக்காதே.

அன்புடன்,
அப்பா