விளக்கமறியலுக்கும் மனநல கிளினிக்குக்கும் இடையில் ஒரு பாதை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநோய்க்கு மருந்தெடுக்கிற ஒருவர் சின்னக் குற்றமொன்றுக்காக மட்டக்களப்பில் கைதானால், அவரை ஏற்கெனவே அறிந்தவர்கள் நான்கைந்து அலுவலகங்களில் இருப்பார்கள். கிளினிக்கில் அவருடைய பெயர் இருக்கும். சமூக சேவை உத்தியோகத்தருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். கிராம உத்தியோகத்தருக்கு வீடே தெரியும். ஆனால் நீதவான் முன் அவர் நிறுத்தப்படும்போது இவற்றில் ஒன்றும் மேசைக்கு வந்து சேர்வதில்லை. வருவது பொலிஸ் அறிக்கை மட்டும்தான். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

நான் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பிணை நிற்பதற்கு வதிவிடச் சான்றிதழ் கேட்டு ஆட்கள் வருவது எங்கள் அலுவலகத்தில் வழமையான காரியம். பிணையாளி எங்கள் பிரிவில்தான் இருக்கிறார் என்று நாங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். பிரதேச செயலாளர் அதை உறுதிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்தில் அது செல்லும். நகரத்தில் இருப்பவருக்கு இது அரைநாள் வேலை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் கூலிக்குப் போகிற ஒரு தாய்க்கு அப்படியில்லை. காலை பஸ்ஸை விட்டால் அன்றைய பொழுது போயிற்று. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அடுப்பில் தெரியும்.

அப்படி வந்த ஓர் அம்மா மனதை விட்டுப் போகவில்லை. மகன் கடையொன்றின் கண்ணாடியை உடைத்துவிட்டான். பல வருடமாக கிளினிக்கில் மருந்தெடுக்கிறவன், மாதத்துக்கு ஒரு ஊசியும் உண்டு. அவனுடைய கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தார். "ஐயா, ஊசி போடுற திகதி போன கிழமையே போயிற்று. உள்ளுக்க இருக்கிற பிள்ளைக்கு இத ஆரிட்டக் குடுக்கிற?" என்று கேட்டார். பொலிசில் காட்டினாராம், கோட்டில் காட்டச் சொன்னார்களாம். கோட்டு வாசலில் நின்றவர் சட்டத்தரணியிடம் கொடுக்கச் சொன்னாராம். சட்டத்தரணி வைக்க அவரிடம் காசில்லை. இலவசமாக வாதாட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிணை நிற்க ஆள் கிடைத்து மகன் வெளியே வந்தபோது நோய் முற்றியிருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே வாட்டில் சேர்த்தார்கள். ஊசியை நேரத்துக்குப் போட்டிருந்தால் அந்த வாட்டும் தேவைப்பட்டிருக்காது.

இதில் யாராவது கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு விஷயம் போகத்தான் வழியிருக்கவில்லை.

சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. பிணையாளி இல்லாமல், சந்தேக நபரின் சொந்தப் பொறுப்பிலேயே விடவும் அதில் இடமிருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இன்னும் தெளிவு. சித்த சுவாதீனமில்லாமல் தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்ல முடியாத நிலையில் ஒருவர் இருந்து, வழக்கும் பிணை கொடுக்கக்கூடியதாக இருந்தால், அவரைச் சரியாகப் பராமரிப்போம், யாருக்கும் தீங்கு வராமல் பார்ப்போம், வழக்குத் தவணைக்குக் கொண்டு வருவோம் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றம் அவரை வெளியே விடலாம். அந்த உறுதியை நம்பும்படி கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வயதுபோன தாய் மட்டும் நின்றால் நீதவான் தயங்குவதில் பிழையில்லை. பக்கத்தில் கிளினிக்கிலிருந்து ஒருவரும் பிரதேச செயலகத்திலிருந்து ஒருவரும் நின்றால் நிலைமை வேறு.

இங்கே ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் இயங்குகிறது. சிறைக்கு அனுப்பாமல் பொது வேலை செய்ய வைப்பது, ஆற்றுப்படுத்தலுக்கும் சிகிச்சைக்கும் அனுப்புவது எல்லாம் அதன் வேலை. நல்ல ஏற்பாடு. ஆனால் குற்றவாளி என்று தீர்ந்த பிறகுதான் அந்த உத்தியோகத்தர் வருகிறார். கைதான நாளிலிருந்து தீர்ப்பு வரையுள்ள காலத்தில், பிணையில் இருக்கிறவரைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் நிலையத்தில் போய்க் கையெழுத்து வை என்பதுதான் எங்கள் ஊரில் தெரிந்த கண்காணிப்பு. மருந்து மயக்கத்தில் கிழமையே தெரியாதவர் கையெழுத்தை மறந்தால், தவணையை மறந்தால், பிடியாணை. மறுபடி உள்ளே.

இந்த நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் தீர்ப்புக் கிடைக்காத விளக்கமறியல் கைதிகள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிசாரின் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிய பிறகு போதைப்பொருள் வழக்குகளும் சேர்ந்து நெரிசல் கூடியது. ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவித்து மனம் குழம்பிய பிள்ளைகளையும் கொண்டு வருகிறார்கள். அவர்களில் யாருக்கு வைத்தியர் தேவை என்று அந்தக் கூட்டத்துக்குள் யார் பிரித்துப் பார்ப்பது?

வேறு இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரப் பொலிஸ் 1988 இலேயே மனநோயாளிகளை எப்படி அணுகுவது என்று தன் ஆட்களில் ஒரு பிரிவுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தது. மயாமியில் 2000 ஆம் ஆண்டு ஸ்டீவ் லீஃப்மன் என்ற நீதிபதி முன்னின்று, நீதிமன்றம், பொலிஸ், சிறை, வைத்தியசாலை எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கூப்பிட்டு, சிறு குற்றத்துக்குக் கைதான மனநோயாளிகளைச் சிகிச்சைக்குத் திருப்பும் திட்டத்தைத் தொடங்கினார். நியூயோர்க்கில் தவணைக்கு முன் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். வராமல் விடுவது ஐந்திலொரு பங்கு குறைந்தது என்று 2020 இல் ஆய்வு வெளிவந்தது. அவர்களிடம் இருக்கிற காசு நம்மிடம் இல்லைதான். ஆனால் ஒரு குறுஞ்செய்திக்கு எவ்வளவு போகும்?

சொல்லப்போனால் மட்டக்களப்புக்கு ஒரு பலம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு மனநல சேவை வைத்தியசாலைக்குள் நின்றுவிடாமல் கிராமங்களுக்கு வந்தது. போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளியூர்களிலும் கிளினிக் நடக்கிறது, வீடுவீடாகப் போய்ப் பழகிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் சிறைக்குள் போனவுடன் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. வழக்குக்காக ஆளை 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வந்தால், தாய் போய்ப் பார்ப்பதே பெரும்பாடு.

நான் கேட்பது புதுக் கட்டடமோ புதுத் திணைக்களமோ இல்லை. கைதாகிறவரிடமும் வீட்டாரிடமும் பொலிஸ் நிலையத்திலேயே ஒரு கேள்வி கேட்கட்டும்: கிளினிக்கில் மருந்தெடுக்கிறாரா? ஆமென்றால் கிளினிக் கொப்பியின் பிரதியொன்று ஆளோடு சேர்ந்து நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் போகட்டும். என்ன நோய் என்று எல்லாரும் வாசிக்கத் தேவையில்லை. 'விசர்' என்று ஊரில் ஒருமுறை பெயர் விழுந்தால் அழியாது. மருந்தின் பெயரும் அடுத்த ஊசித் திகதியும் உரிய வைத்தியருக்குப் போனால் போதும். அதோடு மாதத்தில் ஒரு நாள், மனநல வைத்திய உத்தியோகத்தர், சிறைச்சாலையின் நலன்புரி உத்தியோகத்தர், சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர், சட்ட உதவி சட்டத்தரணி, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் எல்லாரும் ஒன்றாக இருந்து விளக்கமறியல் பட்டியலைப் பார்க்கட்டும். சின்னக் குற்றம், பிணை நிற்க ஆளில்லை, நோயும் இருக்கிறது என்றால் அந்தப் பெயரை எடுத்து, வெளியில் யார் பொறுப்பு, எங்கே மருந்து, தவணைக்கு யார் கூட்டி வருவது என்று எழுதி நீதிமன்றத்துக்குக் கொடுக்கட்டும். முடிவு நீதவானுடையது. அதில் யாரும் தலையிடச் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் வரும் என்று எனக்குத் தெரியும். சிறையும் நீதியும் மத்திய அரசாங்கத்தின் கையில். நன்னடத்தைத் திணைக்களமும் சமூக சேவையும் மாகாணத்தின் கையில். வைத்தியசாலைகளிலும் சில அங்கே, சில இங்கே. கடிதம் கொழும்புக்கும், மாகாண நிர்வாகம் இருக்கிற திருகோணமலைக்கும் போய் வருவதற்குள் அந்த ஆள் எத்தனை தவணை கண்டுவிடுவார். அதனால்தான் மாவட்டத்துக்குள்ளேயே பேசி முடிக்கச் சொல்கிறேன்.

கண்ணாடி உடைந்த கடைக்காரரையும் மறக்கக்கூடாது. அவருக்கு நட்டம், பயமும் உண்டு. ஆளை விட்டுவிட்டார்கள் என்று மட்டும் அவர் கேள்விப்பட்டால் கோபப்படுவார். மருந்து ஒழுங்காகப் போகிறது, இன்னார் பொறுப்பு, பிரச்சினை வந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஒருவர் நேரில் போய்ச் சொன்னால் அவரும் ஏற்றுக்கொள்வார். ஊர்ப் பிணக்குகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் வீதியும் வடிகானும் யானை வேலியும் பேசப்படுகின்றன. அவையும் தேவைதான். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தையும் சேர்க்கும்படி மாவட்ட செயலாளரையும் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். தவணைக்கு ஆளைக் கூட்டிப்போக, கிளினிக் திகதியை ஞாபகப்படுத்த ஊருக்கொருவர் தேவையென்றால், ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்கள் பலர் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்,
மண்முனை தென்மேற்கு, மட்டக்களப்பு.