பேஸ் கிட்டார் இரைந்தால் உடனே பிக்கப்பை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் மாதா கோயில் பாட்டுக்குழு, கல்யாணக் கச்சேரி என்று பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன்கள் இப்போது நிறையப் பேர். கிட்டார் இரைகிறது, சத்தம் அமுங்கிவிட்டது என்று கடைக்குப் போனால் "பிக்கப் போச்சு தம்பி, புதுசு போடு" என்கிறார்கள். தந்திக்கு அடியில் இருந்து அதன் அதிர்வை மின்சாரமாக்குகிற பாகம்தான் பிக்கப். நானும் போன வருடம் அதை நம்பி வெளியூர்க் கடையில் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரி, இரண்டு பிக்கப் உள்ளது. அதில் பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்குகிற உலோகப் பாகம்) பக்கத்துப் பிக்கப் மற்றதைவிட இரண்டு மில்லிமீட்டர் போல நீளம். எனக்குக் கொடுத்த இரண்டுமே நீளமானவை, ஒன்று குழியில் இறங்கவே இல்லை. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள். வாங்கும் முன் பழையதைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், தயவுசெய்து.

அதைவிடப் பெரிய வருத்தம், பழைய பிக்கப்பில் ஒரு கோளாறும் இல்லை. போட்டுகளில் கடல் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டர் மாட்டிக் கொடுக்கிற அண்ணன் ஒருவர் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார், மின்தடை ஏழு கிலோ ஓம் காட்டியது, அந்த வகைக்கு அது சரியான அளவுதான். காந்தத்தைச் சுற்றி முடிபோன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, அதற்கு மேலே இரும்புத் தந்தி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அவ்வளவுதான் பிக்கப். தேய்ந்துபோக அதில் எதுவும் இல்லை. ஆனால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே வீட்டு கேட்டே துருப்பிடிக்கும்போது வால்யூம் கன்ட்ரோலும் கேபிள் செருகுகிற ஜாக்கும் என்ன ஆகும்? தந்தியைத் தொட்டால் இரைச்சல் மாறாமல், ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறதா, பிரிட்ஜுக்கு அடியில் போகிற எர்த் வயர் விட்டுப்போயிருக்கும். என்னுடையதில் அதுதான் பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. சுரண்டி ஈயம் வைத்ததும் இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது, அப்புறம் குழி முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி எர்த்தில் சேர்த்தோம்.

சரி, உண்மையிலேயே புதியது வேண்டுமென்றால்? ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் பக்கத்திலேயே ஓடுகிற நம் மேடைக்கு, ஃபெண்டர் 1957-ல் பிரிசிஷன் பேஸ் என்கிற தன் மற்றொரு மாடலில் கொண்டுவந்த இரு துண்டு வகைதான் என் கணக்கில் நல்லது, ஒரு துண்டின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஜாஸ் வகையில் இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். ஆனால் ஜாஸ் குழியில் பிரிசிஷன் பிக்கப் போகாது, மரத்தைக் குடைய வேண்டிவரும். ஜாஸ் அளவிலேயே இரைச்சல் அடக்கும் பிக்கப் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம்.

மாட்டும்போது பழைய வயரைப் போட்டோ எடுத்துவிட்டு வெட்டுங்கள். இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசித்தால் அடிக்குரலே காணாமல் சத்தம் மெலிந்தால், ஒன்றின் இரண்டு வயரையும் இடம் மாற்றி வையுங்கள். தந்திக்கு ரொம்ப ஒட்டி உயர்த்தவும் கூடாது, காந்தம் இழுத்து சுருதி கெடும்.

உங்கள் இளைஞர் பக்கத்தில் வாரம் ஒரு கருவியின் பழுது பற்றித் தமிழில் எழுதச் செய்தால் எங்கள் ஊர்ப் பையன்கள் வெட்டி வைத்துப் படிப்பார்கள். எக்கோ சவுண்டர் அண்ணனிடம் கேட்டுவிட்டேன், அவர் சொல்லித்தரத் தயார்.

ஒரு வாசகன்,
பாம்பன்.