ரசிகர் வட்டத்தின் 2025–26 ஆண்டறிக்கை: பீச் பாய்ஸ் பாடல்களைக் குரல் குரலாகக் கேட்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் வட்டத்தின் செயல்பாடுகளை இவ்வறிக்கையின் வாயிலாகத் தங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டன. செயற்குழு விதிப்படி கூடியது. இசைத்தட்டு அலமாரி பழுது பார்க்கப்பட்டது. ஆண்டு விழா டிசம்பர் மாதத்தில் வழக்கம்போல் நடைபெற்றது.

அமெரிக்கப் பாப் இசைக் குழுவான பீச் பாய்ஸின் பாடல்களைப் பெரும்பாலும் ஆக்கிய பிரையன் வில்சன் 2025 ஜூன் 11 அன்று தமது 82ஆம் வயதில் மறைந்தார். அவருடைய தம்பியரான டென்னிஸ் 1983இலும் கார்ல் 1998இலும் மறைந்துவிட்ட நிலையில், கலிஃபோர்னியாவின் ஹாதார்ன் நகரில் ஒரே அறையில் உறங்கி வளர்ந்த வில்சன் சகோதரர் மூவரும் இன்று நம்மிடையே இல்லை. நாம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில் பேசிய அனைவரும் பிரையனின் மேதைமையைப் போற்றினர். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் தம்பியர் இருவரும், அத்தை மகன் மைக் லவ், குழுவின் மற்ற பாடகர்களான ஆல் ஜார்டின், புரூஸ் ஜான்ஸ்டன் ஆகியோரும் பிரையன் சொல்லிக் கொடுத்ததைப் பாடிவிட்டுப் போனவர்கள், அவ்வளவுதான் என்னும் கருத்து அன்று பலர் வாயிலாகவும் வெளிப்பட்டது. நாமே ஆண்டாண்டாக விவாதித்துவரும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது பாடல்களை உட்கார்ந்து கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இவ்வாண்டின் முதன்மைப் பணியாக அமைந்த குரல்வழிக் கேட்பு அமர்வுகள் அதன் விளைவே ஆகும்.

இவ்வமர்வுகளால் விருப்பப் பாடல் மாலைகள் குறைந்துவிட்டன என்று செயற்குழுவில் ஒரு குறை எழுப்பப்பட்டது. விருப்பப் பாடலை அவரவர் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஆறு குரல்களை ஆறு பேர் பங்கிட்டுக்கொண்டு கேட்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும். நம் வட்டம் இருப்பதே அதற்காகத்தான் என்று அன்று கூறினேன். இன்றும் அதையே கூறுகிறேன்.

அமர்வின் முறை எளியது. முதலில் பாடலை மோனோ பதிப்பில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடமாகக் கலந்த பதிப்பில், முழுமையாகக் கேட்போம். பிரையனுக்குச் சிறு வயது முதலே வலக்காது ஏறத்தாழ முழுவதும் கேளாது என்பதும், அக்காலத்தில் அவர் தம் கையால் மோனோவில் மட்டுமே கலவை செய்தார் என்பதும் தாங்கள் அறிந்ததே. அடுத்து, 1997இல் வெளிவந்த 'த பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்' தொகுப்பைப் போன்றவற்றில் உள்ள, வாத்தியங்கள் நீக்கப்பட்ட குரல் பதிவைக் கேட்போம். மூன்றாவது முறை, வந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு குரலை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர வேண்டும். உச்சத்தில் ஒலிக்கும் பிரையனின் ஃபால்செட்டோ என்னும் மெல்லிய மேல்ஸ்தாயிக் குரலையும் அடியில் ஒலிக்கும் மைக் லவ்வின் கீழ்க்குரலையும் யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாம். இடையில் நிற்கும் கார்ல், டென்னிஸ், ஆல், புரூஸ் ஆகியோரின் குரல்களைப் பின்தொடர்வதுதான் கடினம். அவற்றைப் பின்தொடரத் தொடங்கிய பிறகுதான் இக்குழுவை நாம் உண்மையில் கேட்கிறோம். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவர் மூச்சு நின்றால் மட்டும் அரங்கு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. இந்த நடுக்குரல்களின் நிலையும் அதுவே.

முதல் அமர்வில் 1963இல் வெளிவந்த 'இன் மை ரூம்' எடுத்துக்கொள்ளப்பட்டது. ஃபோர் ஃப்ரெஷ்மென் என்னும் ஜாஸ் குரலிசைக் குழுவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு குரலின் போக்கையும் பியானோவில் பிரித்தறிந்து கற்றவர் பிரையன். இரவில் படுக்கையறையில் தம்பியருக்குக் குரல் பகுதிகளைச் சொல்லிக் கொடுத்ததாகவும், இப்பாடலின் முதல் சரணத்தைச் சகோதரர் மூவர் மட்டுமே பாடினார்கள் என்றும் அவரே பின்னாளில் எழுதியுள்ளார். டென்னிஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களுடைய தாயார் வற்புறுத்தியிராவிட்டால் டென்னிஸ் குழுவிலேயே இருந்திருக்க மாட்டார். அவருக்குப் பாடத் தெரியாது என்று நம்மிடையே பலகாலம் பேசிவந்த அன்பர் ஒருவர், அன்று அவருடைய குரலைத் தனியே பின்தொடர்ந்துவிட்டு, வாயே திறவாமல் அமர்ந்திருந்ததைக் கண்டேன். ஓர் அமர்வின் பயனுக்கு வேறு சான்று தேவையில்லை.

'பெட் சவுண்ட்ஸ்' அமர்வுக்கு அறை நிரம்பியது. 1966 மே மாதம் வெளிவந்த இந்த ஆல்பம் பிரையனின் தனி ஆல்பமா, குழுவின் ஆல்பமா என்னும் பழைய வழக்கு மீண்டும் எழுந்தது. தனி ஆல்பம் என்போர் தரப்பில் சொல்லத்தக்கவை பல உண்டு. 1964 டிசம்பரில் ஹூஸ்டன் செல்லும் விமானத்தில் மனம் நிலைகுலைந்த பிறகு பிரையன் இசைப் பயணங்களைக் கைவிட்டார். 1966 ஜனவரியில் மற்றவர்கள் ஜப்பானில் பாடிக்கொண்டிருந்தபோது அவர் லாஸ் ஏஞ்சலிஸின் தொழில்முறை இசைக்கலைஞர்களைக் கொண்டு வாத்தியப் பகுதிகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வரிகளைப் பெரும்பாலும் அவருடன் எழுதியவர் டோனி ஆஷர். 'கேரோலைன், நோ' பிரையன் பெயரிலேயே தனித் தட்டாக வந்தது. இவை அனைத்தும் உண்மையே. ஆயினும் 'ஸ்லூப் ஜான் பி' என்ற பழைய நாட்டுப்பாடலைப் பாடலாம் என்று முதலில் சொன்னவர் ஆல் ஜார்டின் என்பதும், பயணத்திலிருந்து திரும்பியவர்கள் பாடிச் சேர்த்த குரல்கள் இன்றி அந்த ஆல்பத்தைக் கற்பனை செய்யவும் முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

இவ்விடத்தில் 'காட் ஒன்லி நோஸ்' பாடலின் முடிவுப் பகுதியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒரே வரி ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு குரல்களில் நுழைந்து, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து தேய்ந்து மறையும் அப்பகுதியில் எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேட்டபோது, அறையில் ஐந்து என்றும் ஆறு என்றும் விடை வந்தது. முதன்மைக் குரலைப் பாடிய கார்ல் களைத்து வீட்டுக்குப் போய்விட்டதால், மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் பிரையனும் நடுப்பகுதியைத் தாமும் பாடியதாகப் புரூஸ் ஜான்ஸ்டன் நேர்காணல்களில் கூறியுள்ளார். அதாவது, உலகமே குழுப்பாடல் என்று கேட்டு உருகும் அந்த முடிவில் இருப்பவர்கள் இருவர். இது பிரையன் கட்சிக்குச் சாதகம் என்று சிலர் உடனே கைதட்டினர். நான் அவ்வாறு கருதவில்லை. குழுவில் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த புரூஸின் குரல் பிரையனின் இரு குரல்களுக்கு நடுவே எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாத வண்ணம் கரைந்து நிற்கிறதே, அந்த இழைவுதான் குழு. அதை யாரும் கட்டளையிட்டுப் பெற்றுவிட முடியாது.

'ஸ்மைல்' அமர்வைப் பற்றி எழுத வருத்தமாக உள்ளது. 1967 மே மாதத்தில் கைவிடப்பட்ட அந்த ஆல்பத்தைக் கெடுத்தவர் மைக் லவ் ஒருவரே என்று ஒரு சாரார் வாதிட்டனர். அதன் பாடலாசிரியர் வேன் டைக் பார்க்ஸின் வரிகளுக்குப் பொருள் கேட்டு மைக் எதிர்த்தது உண்மை. ஆனால் அதே மாதங்களில்தான் இசைத்தட்டுகளை வெளியிட்ட கேப்பிட்டல் நிறுவனத்துடன் ராயல்டி வழக்கு நடந்துகொண்டிருந்தது, கட்டாய ராணுவச் சேவையை மறுத்ததற்காகக் கார்ல் கைதானார், பார்க்ஸ் விலகினார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரையனின் உடல்நிலையும் மனநிலையும் தளர்ந்துகொண்டிருந்தன. தந்தை மரி வில்சன் 1964இலேயே மேலாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தும், அதன் பின்னரும் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வந்து பிள்ளைகளைக் கடிந்துகொண்டதைப் பதிவான நாடாவிலேயே கேட்கலாம். இத்தனை பாரத்தையும் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமன்று. மைக் எழுதிய வரிகளுக்காக 35 பாடல்களில் அவருக்கும் உரிமை உண்டு என்று 1994இல் நீதிமன்றத் தீர்ப்பின் வழி நிலைநாட்டப்பட்டதையும் நான் சுட்டிக்காட்டினேன். இதனை நான் ஒரு சார்பாகப் பேசியதாகக் கொண்டு சில மூத்த உறுப்பினர்கள் அன்று பாதியிலேயே எழுந்து சென்றனர். அவர்கள் அதன்பின் எந்த அமர்வுக்கும் வரவில்லை, விலகல் கடிதமும் தரவில்லை, சந்தாவும் செலுத்தவில்லை. கருத்து வேறுபாட்டை அமர்ந்து பேசித் தீர்ப்பதே நம் வட்டத்தின் மரபு என்பதை அவர்களுக்கு இப்பொதுக்குழுவின் வாயிலாகப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

அடுத்து நடந்தது 'சன்ஃப்ளவர்' அமர்வு. 1970 ஆகஸ்டில் வெளிவந்த இந்த ஆல்பத்தை நான் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்தேன், ஏனெனில் பீச் பாய்ஸ் ஒரு குழு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. டென்னிஸின் 'ஃபாரெவர்' இதில்தான் உள்ளது. புரூஸ் தம் பாடல்களுடன் முன்னுக்கு வருகிறார். 'ஆட் சம் மியூசிக் டு யுவர் டே' பாடலில் தலைமைக் குரல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறிக்கொண்டே செல்கிறது. பிரையன் எழுதிக் கார்ல் பாடிய 'திஸ் ஹோல் வேர்ல்ட்' இரண்டு நிமிடம்கூட இல்லாத பாடல்; அதற்குள் சுருதி எத்தனை முறை இடம் மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் பின்னணிக் குரல்கள் சற்றும் தடுமாறாமல் எவ்வாறு கார்லைத் தாங்கிச் செல்கின்றன என்பதைக் குரல் குரலாகக் கேட்க வேண்டும். அமெரிக்க ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 151ஆம் இடத்தோடு நின்றுபோன ஆல்பம் இது. நம் அறையிலும் அன்று நாற்காலிகளே மிகுதியாக இருந்தன. ஆறு குரல்களைப் பங்கிட ஆறு பேர் இல்லாததால், வந்திருந்தோர் ஆளுக்கு இரண்டு குரல்களைப் பின்தொடர முயன்று, ஒன்றையும் சரியாகப் பின்தொடர இயலாமல் போயிற்று. எல்லோருமாகச் சேர்ந்து ஆக்கிய ஆல்பத்தைக் கேட்க எல்லோரும் வரவில்லை என்பது எனக்கு மிகுந்த மனவேதனை அளித்தது. 1971இன் 'சர்ஃப்ஸ் அப்' அமர்வு அதே காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், அறை வாடகை உயர்ந்துள்ளது. குரல் பதிவுகளைத் தெளிவாகக் கேட்பதற்காக ஒலிபெருக்கிகள் மாற்றப்பட்டன. அச்செலவின் ஒரு பகுதி பெயர் வெளியிட விரும்பாத அன்பர் ஒருவரின் நன்கொடையால் ஈடு செய்யப்பட்டது. பெரிய பற்றாக்குறை இல்லை, எனினும் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவே. ஒலிபெருக்கி தேவையற்ற செலவு என்று கூறியவர்களில் எவரும் பழைய ஒலிபெருக்கியில் ஆல் ஜார்டினின் குரலைத் தனியே கேட்டுக் காட்டவில்லை.

கையிருப்பு குறைந்ததற்கு ஒலிபெருக்கி காரணமன்று. சந்தா நிலுவையே காரணம். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டு நிலுவையும் சேர்ந்துள்ளது. நேரிலும் தொலைபேசியிலும் நினைவூட்டியாயிற்று. அவர்களில் சிலர் 'பெட் சவுண்ட்ஸ்' அமர்வில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள் என்பதையும் பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளேன்.

அறையைத் தந்துதவிய கட்டட உரிமையாளருக்கும், ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்ட இளம் உறுப்பினர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தினருக்கும், தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில், ஒத்திவைக்கப்பட்ட 'சர்ஃப்ஸ் அப்' அமர்வுடன், மைக் லவ் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயின்ற 1968இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' ஆல்பத்தையும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிளாண்டி சாப்ளின், ரிக்கி ஃபட்டார் ஆகியோர் குழுவில் இருந்தபோது நெதர்லாந்தில் பதிவான 'ஹாலண்ட்' ஆல்பத்தையும் எடுத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைக்கிறேன். சகோதரர்களும் உறவினரும் கட்டியெழுப்பிய ஓர் இழைவுக்குள் புதியவர்களின் குரல் எவ்வாறு இடம்பிடிக்கிறது என்பதை அங்கே கேட்கலாம். நம் விவாதத்திற்கு அது மிகவும் தேவை. ஆனால் ஓர் அமர்வுக்குக் குறைந்தது ஆறு பேர் உறுதியாக வருவார்கள் என்றால் மட்டுமே இத்திட்டத்தைத் தொடர முடியும். பெயர் தருவதற்கான தாள் வாயிலருகே மேசைமீது உள்ளது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே உள்ளது. அத்தாளில் போதிய பெயர்கள் சேராவிட்டால், செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பது குறித்துப் பொதுக்குழுவே முடிவு செய்யலாம். 'ஸ்மைல்' அமர்வில் எழுந்து சென்ற மூத்த உறுப்பினர்களுக்கும் அத்தாளில் இடம் விடப்பட்டுள்ளது. அவர்களுள் ஒருவருக்கு ஆல் ஜார்டினின் குரலை அடையாளம் காணும் காது நம் அனைவரையும்விட நுட்பமானது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்