மனைவி பெயரைக் கணவர் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருமணத்துக்குப் பின் கணவரும் மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதுவரை அங்கே பெண்ணுக்கு மட்டும்தான் அந்த வசதி. இதை இங்கே சொன்னால் 'ஆம்பளைக்கு இதெல்லாம் தேவையா' என்கிறார்கள்.

குமரி மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்கலாமா? நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களிலும் நாயர் தறவாடுகள் எனும் கூட்டுக் குடும்பங்களிலும் ஒரு காலத்தில் மருமக்கள் வழிதான், தாய்வழியில்தான் குடும்பத்தையே எண்ணினார்கள், சொத்து தாய்மாமாவிடமிருந்து மருமகனுக்கு, அதாவது அவருடைய சகோதரியின் மகனுக்குப் போனது. அதில் மனைவி மக்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை, 1926 வாக்கில் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் வேளாளருக்கென்று சட்டம் போட்டு மாற்றியது நல்லதுதான். ஆனால் அப்பா வழி மட்டுமே வழி என்பது ஆதியிலிருந்து வந்ததல்ல, அது நம் ஊர்க்காரர்களுக்கே தெரியும்.

நமக்குக் குடும்பப் பெயரைவிட இனிஷியல்தான் பிரச்சினை. கல்யாணம் ஆனதும் அப்பா எழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் எழுத்தைப் போடச் சொல்கிறார்கள், எந்தச் சட்டமும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. என் அக்கா மகளுக்குப் பட்டச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. இவை எல்லாமே ஒரே ஆளின் பெயர்தான் என்று நிரூபிக்க அவள்தான் அலைகிறாள், அவள் கணவருக்கு ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மனைவி பெயரின் எழுத்தைச் சேர்க்க விரும்பும் ஆண்கள் அரசிதழில் பெயர் மாற்றம் செய்வது எப்படி, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று உங்கள் நாளிதழ் விவரமாக எழுத வேண்டும்.

ஒரு வாசகர், தக்கலை