போனவர்களை மட்டும் எண்ணாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2025-26 சீசனில் எந்தெந்த அணிகள் கோப்பைக்கு மோதும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ஏங்கிக் கிடக்கும் எனக்கு அது விருந்துதான். ஆனால் கட்டுரையாளர் போட்ட கணக்கை ஏற்க முடியவில்லை. படிப்பை முடிக்காமல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வுக்குப் போகும் வீரர்களை எண்ணி, நிறையப் பேரை இழந்த அணிகளைப் பட்டியலில் கீழே தள்ளியிருக்கிறார். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக் கல்லூரிக்கே வந்தவர்களை அவர் எண்ணவே இல்லை.

நான் வட கரோலினாவில் இருபது வருடமாக இருக்கிறேன். 2008இல் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழக அணி தேசியப் போட்டியின் அரையிறுதியில் கான்சாஸிடம் 84-66 என்று தோற்றபோது எங்கள் ஊரே துக்க வீடு போல இருந்தது. டை லாசன், வெய்ன் எலிங்டன், டேனி கிரீன் மூவரும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். சரி, அணி கலைந்துவிட்டது என்றே நினைத்தோம். மூவரும் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். டைலர் ஹேன்ஸ்பரோவும் நான்காம் ஆண்டுக்கு இருந்துவிட்டார். மறு வருடம் மிச்சிகன் ஸ்டேட்டை 89-72 என்று வென்று கோப்பை வந்தது. அன்றிரவு ஃபிராங்க்ளின் தெருவில் திரண்ட கூட்டத்தில் நானும் என் மனைவியும் நின்றோம். அப்புறம் அந்த நால்வரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். 2010இல் அதே அணிக்கு கோப்பைக்கான அந்தத் தேசியப் போட்டியில், அதாவது என்.சி.ஏ.ஏ. போட்டியில், இடமே கிடைக்கவில்லை.

கட்டுரையாளர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2007 இறுதிப்போட்டியில் மோதிய இரண்டு அணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வென்ற ஃப்ளோரிடாவின் ஜோவாக்கிம் நோவா, அல் ஹார்ஃபோர்டு, கோரி பிரூவர் மூவரும் கைக்கு வந்த என்.பி.ஏ. வாய்ப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு வந்து, 2007இல் மறுபடி வென்றார்கள். தோற்ற ஒஹையோ ஸ்டேட்டில் கிரெக் ஓடனும் மைக் கான்லியும் முதலாமாண்டு மாணவர்கள். அந்த வருட டிராஃப்டில் இந்த ஐவரும் முதல் ஒன்பது இடங்களுக்குள் போய்விட்டார்கள். 2008இல் இரண்டு கல்லூரிகளுமே என்.ஐ.டி. என்ற இரண்டாம் நிலைப் போட்டியில்தான் ஆட வேண்டியிருந்தது.

ஆனாலும் "ஓடிப்போகிறார்கள்" என்று அவர் எழுதியது எனக்கு வலித்தது. 2012இல் கென்டக்கி கோப்பை வென்றது. அதன் ஆறு வீரர்கள் டிராஃப்டில் தேர்வானார்கள். மறு வருடம் அவர்கள் இடத்துக்கு வந்த நெர்லன்ஸ் நோயல்தான் அடுத்த டிராஃப்டில் முதல் ஆள் என்று பேச்சு. பிப்ரவரியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அவர் ஆறாவதாகத் தேர்வானார். அணியோ என்.ஐ.டி. முதல் சுற்றிலேயே ராபர்ட் மாரிஸிடம் தோற்றது. பத்தொன்பது வயதில் ஒரு முழங்காலை நம்பி ஒரு குடும்பமே இருக்கும்போது, அந்தப் பையனைப் 'பொறு' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இப்போது அந்த நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரம் போன்றவற்றில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே தன் வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம்; 2025-26இல் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து அதன் வரம்பு 2.05 கோடி டாலர். டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் தேர்வானால் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதை நம்பிப் போவதைவிடக் கல்லூரியில் இன்னொரு வருடம் ஆடுவது பலருக்கு லாபம். படிப்பு முடியும் முன்பே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள், வெளிநாட்டு இளம் வீரர்களையும் சேர்த்து, 2021இல் 353 பேர், 2024இல் 195 பேர், 2025இல் 106 பேர்தான்.

2025-26 பட்டியலுக்கே வருகிறேன். டியூக் பல்கலைக்கழக அணியின் தொடக்க ஐவரும் 2025 டிராஃப்டில் தேர்வாகிவிட்டார்கள். கூப்பர் ஃபிளாக் முதலிடம். அதற்காக டியூக்கை அவ்வளவு கீழே தள்ளியது சரியல்ல. 2001இல் அங்கே கோப்பை வென்ற கார்லோஸ் பூசரின் இரட்டை மகன்கள் 2025-26 சீசனுக்கு அங்கே சேர்ந்தார்கள். ஐசையா எவன்ஸும் போகாமல் இருந்துவிட்டார். ஆனால் அனுபவம் என்று ஒன்று உண்டு. 2025 ஏப்ரல் அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் ஆறு புள்ளி முன்னால் இருந்தும், ஹூஸ்டனின் மூத்த வீரர்களிடம் டியூக் 70-67 என்று தோற்றது. நான் டியூக்கின் பரம எதிரியான சேப்பல் ஹில் பக்கம்தான், ஆனாலும் அன்று அந்தப் பையன்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஹூஸ்டனின் மிலோஸ் உசானும், இறுதியில் அதை 65-63 என்று வென்ற ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காண்டனும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். மே கடைசியில் இருவருமே விலகித் தத்தம் கல்லூரிக்கே திரும்பினார்கள். பர்டூவில் பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர், டிரே காஃப்மன்-ரென் மூவரும் 2025-26 சீசனுக்கும் தொடர்ந்தார்கள். 2024 இறுதிப்போட்டியில் தோற்ற அணியிலேயே இருந்தவர்கள் இவர்கள். என் பட்டியலில் பர்டூதான் முதலில்.

தங்கள் கட்டுரை ஏப்ரலிலேயே வந்துவிட்டது. 2025இல் பெயரைத் திரும்பப் பெறக் கெடு மே 28ஆக இருந்தது. அடுத்த வருடம் அந்தக் கெடு முடிந்து ஒரு வாரம் கழித்துப் பட்டியலை வெளியிடுங்கள். திரும்பி வந்தவர்கள் பெயரை அதில் முதலில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கேரி, வட கரோலினா